சங்கத்தின் இணையதளமும் திறந்த கதவும்

கூட்டுறவு இயக்கத்தின் கொள்கைகளுள் முதலாவது, சங்கத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் சிலர் உள்ளிட்ட ஒரு சிறு கூட்டத்தார் கடை வைத்துத் தொடங்கிய நெறி அது. சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1995-இல் ஏழு கொள்கைகளைத் திருத்தி வகுத்தபோதும் இதனையே முதலில் வைத்தது. சங்கத்தின் சேவைகளைப் பயன்படுத்தக்கூடியவராகவும், அங்கத்தினருக்குரிய பொறுப்புகளை ஏற்க முன்வருபவராகவும் உள்ள எவரையும் வேற்றுமை பாராட்டாது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்விடத்தில் ‘பயன்படுத்தக்கூடியவர்’ என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஒருவர் நம் சேவையைப் பயன்படுத்த இயலாதவராக இருப்பது எதனால்? அவருடைய உடற்குறையாலா, அன்றி நாம் செய்துவைத்த ஏற்பாட்டின் குறையாலா? அலுவலக வாயிலில் மூன்று படிகளைக் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் வருபவரை நோக்கி, ‘உமக்குப் படியேற இயலவில்லை’ என்று சொல்வது நியாயமாகாது. படியைக் கட்டியவர்கள் நாம். சாய்தளம் அமைக்கக் கடமைப்பட்டவர்களும் நாமே.

இன்று சங்கங்களுக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று தெருவை நோக்கியது; மற்றொன்று இணையதளம். துணியின் விலைப்பட்டியல், பேரவைக் கூட்ட அறிவிப்பு, மானிய விண்ணப்பம் ஆகியவை இரண்டாவது வாயிலின் வழியே வந்து போகின்றன. சங்கத்திற்கு வெளியேயும் அதே நிலைதான். 2019-இல் தொடங்கப்பெற்று, ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக உழவர்க்கு அளிக்கும் பி.எம். கிசான் திட்டத்திற்கும் மின்வழி அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கே இணையத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்கிறோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். தறியில் அமர்ந்து அமர்ந்து பார்வை மங்கிய முதியோரும், விரல் நடுங்கும் உழவரும் பெரும்பாலும் அக்கணக்கில் சேராதவர்கள். அவர்களுக்கும் இந்த வாயில் வேண்டும்.

இவ்வாயில் அடைபட்டால் நேரும் தீங்கு யாது? பார்வையற்ற அங்கத்தினர் ஒருவர் தம் கணக்கின் இருப்பைத் தாமே அறிய இயலாமல், கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் பிறரிடம் ஒப்படைக்க நேர்கிறது. அப்பிறர் நல்லவராயின் உபகாரம், அல்லாராயின் நட்டம். எவ்வாறாயினும், தம் காசைத் தாமே கையாளும் உரிமை அவர் கையைவிட்டுப் போகிறது. தன்னுதவியை அடிப்படையாகக் கொண்ட இயக்கம் இதனைப் பொறுத்துக்கொள்ளலாகாது. ஆகவே, மாற்றுத்திறனாளிகள் எளிதில் வழியறிந்து செல்லத்தக்க இணையதளம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

வீதியும் பக்கமும்

புதுவை நகரத்திற்குப் புதிதாக வருபவர் அதிகம் திகைப்பதில்லை. வீதிகள் வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேராக ஓடுகின்றன. மூலைகளில் பெயர்ப்பலகை இருக்கிறது. பழைய பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்தே உள்ளன. ‘நேரு வீதி வழியே சென்றால் பெரிய மார்க்கெட், கிழக்கே சென்றுகொண்டே இருந்தால் வாய்க்கால், அதற்கப்பால் கடற்கரை’ என்று ஒருமுறை கேட்டவர் மறுமுறை கேட்க வேண்டுவதில்லை. நகரம் முழுவதையும் பார்த்தறிந்த பிறகுதான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. நிற்கும் இடமும் திரும்ப வேண்டிய மூலையும் தெரிந்தால் போதும்.

நல்ல இணையப் பக்கமும் அத்தகையது. கண்ணுடையோர் பக்கத்தை ஒரே நோக்கில் அளந்துவிடுகின்றனர். பெரிய எழுத்துத் தலைப்பு, வலப்புறப் பட்டியல், அடியிலுள்ள பொத்தான் ஆகிய யாவும் ஒருசேரத் தெரிகின்றன. பார்வையற்றவரோ பக்கத்தைக் கேட்டுப் படிக்கிறார். கேட்பது ஒற்றை இழை போன்றது. ஒரு சொல்லுக்குப் பின்னரே அடுத்த சொல் வரும். வீதிப் பெயர் இல்லாத ஊரில் வீட்டுக்கு வீடு தட்டி விசாரிப்பவர் போல, அமைப்பில்லாத பக்கத்தில் அவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

கேட்டுப் படிப்பவர் எவ்வாறு படிக்கிறார்?

திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற பெயரில் இது உள்ளது. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்னும் வாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கிய முயற்சி அது. விலை கொடுத்து வாங்க இயலாதோர்க்கும் பயன்பட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அது தமிழையும் வாசிக்கும்.

இதனைப் பயன்படுத்துபவர் சுட்டியைத் தொடுவதில்லை. எல்லாம் விசைப்பலகையால் நடக்கும். ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். ‘கே’ விசையால் அடுத்த இணைப்புக்கும், ‘எஃப்’ விசையால் படிவத்தின் அடுத்த கட்டத்திற்கும், ‘டி’ விசையால் அடுத்த அட்டவணைக்கும் செல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தலைப்பு ‘தலைப்பு’ என்றே பக்கத்தின் உள்ளமைப்பில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுக்கு அது தலைப்பாகத் தோன்றும். வாசிப்பானுக்கோ மற்ற வரிகளைப் போன்ற ஒரு வரிதான். ‘எச்’ விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அது அவ்விடத்தில் நிற்காது.

இணைப்புகளுக்கும் இதே விதி பொருந்தும். ஒரு பக்கத்தில் பத்து இடங்களில் ‘இங்கே அழுத்துக’ என்று எழுதியிருந்தால், இணைப்புகளை மட்டும் கேட்டுச் செல்பவர் காதில் அதுவே பத்து முறை விழும். ‘நூல் மானிய விண்ணப்பம்’, ‘விலைப்பட்டியல்’ என்று அதனதன் பெயரைச் சொன்னால் அவர் தடுமாறமாட்டார். மேலும், ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் பட்டியல் முழுவதையும் திரும்பத் திரும்பக் கேட்க நேராமல், ‘நேரே முதன்மைச் செய்திக்குச் செல்க’ என்னும் இணைப்பு ஒன்றை முதலில் வைத்தல் நலம்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலையின் படத்தை மட்டும் வெளியிட்டு, சொல் எதுவும் சேர்க்காவிட்டால், வாசிப்பான் ‘படம்’ என்று சொல்லி நின்றுவிடும். சில வேளை கோப்பின் எண்ணைப் படிக்கும். ‘அறுபதாம் நம்பர் பருத்திச் சேலை, மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, முந்தியில் கோடுகள்’ என்று மாற்றுரை எழுதினால் பார்வையற்றவரும் வாங்குவார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்க்கும் அந்த வரி உதவும். அலங்காரத்திற்காக மட்டும் இட்ட படத்திற்கு மாற்றுரையை வெறுமையாக விடுவதே முறை.

ஒரு பிரெஞ்சுச் சிறுவனின் படிப்பினை

புதுவைக்குப் பிரெஞ்சு நாட்டோடு நெடுநாள் தொடர்பு உண்டு. அந்நாட்டின் ஒரு கைவினைக் குடும்பத்தில் பிறந்தவரின் வரலாறு நமக்கு இங்கே பாடமாகும். லூயி பிரெயில் 1809-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதுக் குழந்தை தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடியபோது கண்ணில் பட்டது. சில ஆண்டுகளுக்குள் இரு கண்களும் ஒளியிழந்தன.

பாரிஸில் பார்வையற்றோர்க்கான பள்ளியில் அவர் சேர்ந்தபோது, அங்கே நூல்கள் இருந்தன. கண்ணுடையோர் படிக்கும் அதே எழுத்துகளைக் கனத்த தாளில் பெரிதாகப் புடைக்க அச்சிட்டிருந்தனர். விரலால் ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் தடவி அறிவதற்குள் தொடக்கத்தில் படித்தது மறந்துபோகும். அம்முறையில் எழுதுவதோ அரிது. பிரெயில் தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு, விரல்நுனிக்குள் அடங்கும் எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். 1829-இல் அது நூலாக வெளிவந்தது. எனினும், தங்கள் கண்ணுக்குப் பழகாத எழுத்தாயிற்றே என்று ஆசிரியர் சிலர் அதனை எதிர்த்தனர். 1852-இல் பிரெயில் மறைந்து, மேலும் இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே பிரான்சில் அதற்கு முறையான ஏற்பு கிடைத்தது. நம் நாட்டில் மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழும் அதில் எழுதப்படுகிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கண்ணுக்காகச் செய்த ஒன்றை அப்படியே புடைக்கச் செய்து விரலுக்குக் கொடுத்தால் அது விரலுக்கு உரியதாகிவிடாது. பயன்படுத்துபவரைக் கேட்டு, அவர் வழியை அறிந்து அமைக்க வேண்டும். பள்ளியை நடத்தியோர் கருணையுடையவர்களே. ஆனால் தங்களுக்கு எளிதானதே மாணாக்கருக்கும் எளிது என்று எண்ணினார்கள். சங்க நிர்வாகிகளும் அதே பிழையைச் செய்யலாகாது.

தமிழ்ப் பக்கங்களில் நேரும் இடர்கள்

பொதுவான விதிகளுக்கு மேல், தமிழில் அமையும் பக்கங்களுக்கென்று சில இடர்கள் உண்டு. முதலாவது, தாளில் தட்டச்சிட்டுக் கையொப்பமிட்ட சுற்றறிக்கையைப் படமெடுத்து அப்படியே இணையத்தில் ஏற்றுவது. அது கண்ணுக்கு எழுத்து, கணினிக்குப் படம். பேரவைக் கூட்டத்தின் நாளும் நேரமும் அதற்குள் இருந்தும் வாசிப்பானுக்கு எட்டா. சுற்றறிக்கையின் வாசகத்தை எழுத்தாகவும் பக்கத்தில் இடுவதே இதற்கு வழி.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். ஒருங்குறி பரவுமுன், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஆக்கிய எழுத்துருக்கள் பல வழங்கின. அவற்றில் அடித்த பக்கத்தைத் திரைவாசிப்பான் படித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் சங்க அலுவலகக் கணினிகளில் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, ‘இப்பக்கத்தின் மொழி தமிழ்’ என்று உள்ளமைப்பில் குறிக்காமல் விடுவது. குறிப்பில்லையேல் வாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழைச் சிதைக்கலாம். ஒரே ஒரு சொல் சேர்த்தால் தீரும் குறை இது.

படிவங்களும் பூட்டுகளும்

அங்கத்தினருக்கு மிகுந்த தொல்லை தருவது படிவம். ஒவ்வொரு கட்டத்திற்கும் ‘பெயர்’, ‘அங்கத்தினர் எண்’ என்னும் பெயர் அக்கட்டத்தோடு இணைத்துக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அருகில் எழுதியிருந்தால் போதாது. இணைப்பு இல்லையேல் வாசிப்பான் ‘கட்டம்’ என்று மட்டும் சொல்லும். பிழை நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்கினால் மட்டும் ஆகாது. ‘கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று சொல்லால் அறிவிக்க வேண்டும். குறித்த காலத்திற்குள் முடிக்க வேண்டுமெனில், காலம் முடியுமுன் எச்சரித்து நீட்டித்துக்கொள்ள வழி தர வேண்டும். விரல் மெல்ல நகர்பவர்க்கு இது பெரிய உதவி.

வளைந்து நெளிந்த எழுத்துகளைப் படமாகக் காட்டி, ‘இதனைப் பார்த்து எழுதுக’ என்று கேட்கும் பூட்டு இயந்திரங்களைத் தடுப்பதற்காக வைத்தது. ஆனால் அது பார்வையற்ற மனிதரையும் வெளியே நிறுத்துகிறது. முகம் காட்டும் சரிபார்ப்பிலும் இத்தகைய இடர் உண்டு. இதுபற்றிய ஒரு வழக்கு நம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சட்டம் சொல்வது

அமிலத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பார்வையும் முகமும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் என்னும் பெண்மணி, 2023-இல் வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றார். உயிருடன் இருப்பவர் என்பதற்குச் சான்றாகக் கருவியின் முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும் என்றனர். அவரால் அது இயலாது. அவர் தொடுத்த வழக்கையும், பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரின் வழக்கையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்தது. மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று அது கூறியது. அடையாளச் சரிபார்ப்பை எல்லோர்க்கும் இயலுவதாக்க 20 கட்டளைகளையும் பிறப்பித்தது.

அதற்கு முன்னர், பார்வைக் குறையுடைய ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. அணுகல் விதிகள் ‘செய்தால் நன்று’ என்னும் அறிவுரையாக இருத்தல் சட்டத்திற்கு முரண். ‘செய்தே தீர வேண்டும்’ என்னும் குறைந்த அளவுக் கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடிப்படை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் ‘தனியார் நிறுவனம்’ என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தில், கம்பெனி முதலியவற்றோடு கூட்டுறவுச் சங்கமும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது. சேவை வழங்குவோர் அரசாயினும் தனியாராயினும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 46-ஆம் பிரிவு கூறுகிறது. ‘இது பெரிய கம்பெனிகளுக்கு உரியது; நமக்கில்லை’ என்று ஒதுங்க இடமில்லை.

விதிகள் எங்கே கிடைக்கும் என்று மலைக்க வேண்டாம். இணையத்திற்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி என்னும் உலக அமைப்பு 1999-இல் முதல் நெறிமுறைகளை வெளியிட்டது. 2023-இல் வந்த 2.2 பதிப்பு வரை அவை வளர்ந்துள்ளன. அவற்றின் சாரம் நான்கு: பக்கத்திலுள்ளது புலனுக்கு எட்ட வேண்டும்; இயக்க இயல வேண்டும்; பொருள் விளங்க வேண்டும்; எக்கருவியிலும் உறுதியாக நிற்க வேண்டும். நம் நாட்டு அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009 முதல் உள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐ.எஸ். 17802 என்னும் தரத்தை வகுத்துள்ளது.

முதலில் செய்வதே சிக்கனம்

விழுதில் இழை கோக்கும்போது ஓர் இழை மாறிவிட்டால், அப்பிழை அவ்விடத்தோடு நிற்பதில்லை. பாவு முடியும்வரை துணியில் கோடாக ஓடும். நெய்த பின் அதனை மறைக்க முயல்வது வீண். கோக்கும்போதே பார்த்துக் கோப்பதற்குக் கூடுதல் நூல் வேண்டுவதில்லை. கவனம் மட்டும் வேண்டும். இணையதளமும் அவ்வாறே. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் என்னும் அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024-இல் நூற்றுக்கு 95.9 பக்கங்களில் குறை கண்டது. கண்ட குறைகளில் மிகப் பெரும்பாலானவை ஆறே வகை: மங்கலான எழுத்து, மாற்றுரையில்லாத படம், பெயரில்லாத கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிக்காமை. இவற்றுள் எதுவும் அரிய தொழில்நுட்பம் வேண்டுவதன்று.

ஆகவே, தளம் அமைக்க ஒப்பந்தம் செய்யுங்கால், இந்நெறிமுறைகளின் இரண்டாம் படியான ‘ஏஏ’ நிலைக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை நிர்வாகக் குழு ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பணம் முழுவதும் கொடுத்த பிறகு கேட்பது, கரை கட்டாத வரப்பில் நீரைத் தேடுவது போலாகும்.

தளம் தயாரானதும் காரியதரிசி தம் மேசையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உள்ளன. சுட்டியை ஒதுக்கிவைத்து, ‘டேப்’ விசையை மட்டும் அழுத்தி விண்ணப்பம் முழுவதையும் முடிக்க இயலுமா, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிகிறதா என்று பார்க்கலாம். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று நோக்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு நான்கரைக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறையலாகாது. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாயினும் முதியவர்க்கு உதவாது. செய்முறை விளக்கப் படத்தில் பேசுவன யாவும் அடியில் எழுத்தாக ஓடினால் செவிப்புலன் குன்றியோரும் பயன்பெறுவர். இறுதியாக, டாக்பேக்கை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சங்கத்தின் முகப்புப் பக்கத்தைக் கேட்டால், எங்கே குறை என்பது தானே விளங்கும்.

எனினும் இச்சோதனைகள் எல்லாம் ஒன்றுக்கு ஈடாகா. பார்வையற்ற அங்கத்தினர் ஒருவரையும், கை நடுங்கும் முதியவர் ஒருவரையும் அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, பக்கத்தைப் பயன்படுத்திக் காட்டுமாறு கேட்க வேண்டும். அவர் தடுக்கி நிற்கும் இடத்தில் குறுக்கிடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் தம் கணக்கின் இருப்பைத் தாமே கேட்டறிந்து, யாரிடமும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாமல் வெளியேறினால், அன்று நம் இரண்டாவது கதவும் திறந்ததென்று கொள்ளலாம். தளத்தைத் திருத்தி முடியும்வரை, அலுவலகத்திலும் தொலைபேசியிலும் அதே சேவையைத் தாமதமின்றி அளித்தல் சங்கத்தின் கடமை.

படிப்பு வட்டத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. கூட்டுறவின் முதற் கொள்கைக்கும் சங்கத்தின் இணையதளத்திற்கும் உள்ள தொடர்பை விளக்குக.

2. எழுத்தைப் பெரிதாக்குவதற்கும் தலைப்பாகக் குறிப்பதற்கும் வேறுபாடு யாது? கேட்டுப் படிப்பவர்க்கு அதனால் விளையும் பயன் என்ன?

3. உங்கள் சங்கம் விற்கும் துணி ஒன்றையோ விளைபொருள் ஒன்றையோ எடுத்துக்கொண்டு, அதன் படத்திற்குரிய மாற்றுரையை இருபது சொற்களுக்குள் எழுதுக.

4. சென்ற பேரவைக் கூட்ட அறிவிப்பு இணையத்தில் எழுத்தாக உள்ளதா, படமாக உள்ளதா? கண்டு கூறுக.

5. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவுச் சங்கங்களை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது?

6. உங்கள் சங்கத்தில் பார்வை, செவி, கை, கால் ஆகியவற்றில் குறையுடைய அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் எவரேனும் சங்கத்தின் தளத்தைப் பயன்படுத்துகின்றனரா? பயன்படுத்தாதவரிடம் காரணத்தைக் கேட்டறிந்து அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கவும்.